பழைய காரில் ஸ்டீரிங் கோளாறு: சாலையிலிருந்து மேல்நோக்கித் தேடும் முறை

நான் முதன்முதலில் வாங்கிய கார், பலர் கை மாறி வந்த 2006-ஆம் ஆண்டு மாருதி 800. வாங்கிய மூன்றாம் நாளே, நெடுஞ்சாலையில் வேகம் அறுபதைத் தாண்டியதும் வண்டி இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. அருகிலிருந்த ஒரு கடையில் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வேலை, செய்து கொடுத்தார்கள். ஒரு வாரம் நேராக ஓடிய வண்டி மறுபடியும் இழுத்தது; மறுபடியும் அலைன்மெண்ட் செய்தேன்; அதுவும் நிலைக்கவில்லை. மூன்றாம் முறை நான் போய் நின்றது வேறொரு பட்டறையில். அங்கிருந்த வயதான மெக்கானிக் கணினியின் பக்கமே போகாமல், என்னை முன்சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லி, சக்கரத்துக்குப் பின்னால் இருந்த ஓர் இணைப்பின் மேல் என் விரல்களை வைக்கச் செய்து, உள்ளே அமர்ந்திருந்த பையனிடம் ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொன்னார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் என் விரல் நுனியில் ‘டக்’ என்று ஓர் அடி விழுந்தது. ஸ்டீரிங்கின் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான இடப்பக்க டை ராட் எண்ட் முற்றிலும் தேய்ந்து போயிருந்தது. அந்த நிலையில் எத்தனை முறை அலைன்மெண்ட் செய்தாலும் அது ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப் போவதில்லை.

குறைந்த விலையில் பழைய கார் வாங்கி, ஸ்டீரிங் சரியில்லை என்று முதன்முறையாக உணர்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டீரிங் கோளாறு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ஸ்டீரிங்கில் இருப்பதில்லை; டயரிலும், சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளிலும் இருக்கிறது. ஆகவே சாலையைத் தொடும் டயரிலிருந்து தொடங்கி, படிப்படியாக மேலே ஏறி, கடைசியாகத்தான் ரேக்குக்கும் (ஸ்டீரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்தண்டு) அலைன்மெண்டுக்கும் வர வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் பணம் வீணாகும். கீழே மாருதி 800-ஐ எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, இண்டிகா ஆகியவற்றிலும் பல்சக்கரம் பல்தண்டை நகர்த்தும் ரேக் அண்ட் பினியன் ஸ்டீரிங்கும், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த முன்பக்க ஸ்ட்ரட்டும்தான் என்பதால், சோதிக்கும் முறை ஏறக்குறைய ஒன்றே.

வண்டியை எடுக்கவே கூடாத நிலைகள்

ஸ்டீரிங்கைத் திருப்பும்போது எங்கோ ஓரிடத்தில் சிக்கி, பிறகு விடுபட்டுத் திரும்பினாலோ, நேற்று வரை இல்லாத ஆட்டம் இன்று திடீரென்று தெரிந்தாலோ, குழியில் இறங்கியபின் ஸ்டீரிங் கோணலாக நின்றாலோ, வண்டியைப் பட்டறை வரை ஓட்டிச் செல்லவும் வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள், அல்லது வண்டியை ஏற்றி அனுப்புங்கள். டை ராட் எண்ட் கழன்றுவிட்டால் அந்தப் பக்கச் சக்கரம் ஸ்டீரிங்கின் கட்டுப்பாட்டை விட்டு விலகித் தன் போக்கில் திரும்பிக்கொள்ளும். சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும். ஏற்றி அனுப்ப ஆகும் செலவு, இந்த ஆபத்துக்கு முன் ஒன்றுமில்லை.

முதலில் கோளாறைச் சொற்களில் பிடியுங்கள்

பட்டறைக்குப் போய் ‘ஸ்டீரிங் சரியில்லை’ என்று மட்டும் சொன்னால், என்ன மாற்றுவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். போக்குவரத்து இல்லாத, ஓரளவு சமமான சாலையில் அரை மணி நேரம் ஓட்டி, கோளாறு எப்போது வருகிறது என்பதை எழுதி வையுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுப்பது எப்போதுமா, பிரேக் மிதிக்கும்போது மட்டுமா? ஸ்டீரிங் நடுங்குவது எந்த வேகத்தில்? நின்ற நிலையில் திருப்பினால் சத்தம் வருகிறதா, ஓடிக்கொண்டே திருப்பினால் வருகிறதா? வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்புகிறதா?

இந்த விடைகளிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். அறுபதுக்கும் எண்பதுக்கும் இடையில் நடுங்கி, வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும் நடுக்கம் பெரும்பாலும் சக்கர பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது) குறையால் வருவது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டீரிங் துடித்தால் டிஸ்க் கோணியிருக்கும். முழுவதுமாகத் திருப்பிய நிலையில் வண்டியை நகர்த்தும்போது ‘டக டக டக’ என்று வரும் சத்தம் ஆக்சில் ஜாயிண்டுக்கு உரியது. அதற்கும் ஸ்டீரிங்குக்கும் தொடர்பில்லை. நின்ற இடத்தில் திருப்பும்போது பானட்டுக்குக் கீழே ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு விடுபடுவது போல ‘டங்’ என்று கேட்டால், ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டையும் அதன் பேரிங்கையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதால், குறையே இல்லாத வண்டியும் கையை எடுத்தால் மெல்ல இடப்பக்கம் நகரும். வலப்பக்கம் இழுத்தாலோ, இடப்பக்கம் சட்டென்று பாய்ந்தாலோதான் அது கோளாறு.

டயரில் தொடங்குங்கள்

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், டயர் சூடாகாத நிலையில் நான்கு டயரிலும் காற்றை அளக்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவின் விளிம்பிலோ தூணிலோ ஒட்டப்பட்ட தாளில் இருக்கும். தாள் கிழிந்திருந்தால் கையேட்டைப் பாருங்கள். முன்டயர் இரண்டிலும் காற்று குறைந்தால் ஸ்டீரிங் கனக்கும். ஒன்றில் மட்டும் குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பவர் ஸ்டீரிங் இல்லாத 800-இல் காற்றுக் குறைவின் கனம் நன்றாகவே கையில் தெரியும்.

அடுத்தது, நான்கு டயரும் ஒரே அளவா என்று பார்ப்பது. மலிவாக வாங்கிய வண்டியில் முன்பக்கம் ஓர் அளவும் பின்பக்கம் ஓர் அளவும், சில நேரம் இடமும் வலமும்கூட வேறாக இருக்கும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்கள் அதன் வயதைச் சொல்லும்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது.

இனி உள்ளங்கையை டயரின் மேற்பரப்பில் வைத்து, குறுக்காக உள்ளிருந்து வெளியே ஒரு முறையும் வெளியிலிருந்து உள்ளே ஒரு முறையும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் அரத்தைத் தடவுவது போலவும் இருந்தால், சக்கரம் நேராக உருளாமல் சற்றுச் சாய்கோணத்தில் இழுபட்டு ஓடுகிறது என்று பொருள். கண்ணுக்குத் தேய்மானம் தெரிவதற்குப் பல நாட்கள் முன்பே கைக்கு இது தெரிந்துவிடும். உள் விளிம்பு மட்டும் மொட்டையாகியிருந்தால் டோ (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) அல்லது காம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) கோணத்தில் பிழை இருக்கலாம். இதைப் பார்க்க ஸ்டீரிங்கை முழுவதும் திருப்பி டயரின் உட்பக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெளியிலிருந்து பார்த்து ‘டயர் நன்றாக இருக்கிறது’ என்று வாங்கி ஏமாந்தவர்கள் பலர்.

இழுக்கும் வண்டிக்குச் செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. முன்டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் பூட்டி ஓட்டிப் பாருங்கள். சுழலும் திசை அம்புக்குறியால் குறிக்கப்பட்ட டயர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. இழுப்பு எதிர்ப்பக்கத்துக்கு மாறினால் குற்றம் டயரில்தான். மாறாவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம். ஓட்டிவிட்டு வந்ததும் நான்கு சக்கரத்துக்கு அருகிலும் கையைக் கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிடுங்கள், தொட வேண்டாம். முன்சக்கரங்களில் ஒன்று மட்டும் அனலாக அடித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆட்டத்தை அளப்பது

பட்டறையில் இதைப் ‘பிளே’ என்பார்கள். சக்கரங்களை நேராக வைத்து வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஸ்டீரிங் வளையத்தின் உச்சியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, விரலால் மெதுவாக ஒரு பக்கம் தள்ளுங்கள். சக்கரம் அசையத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு மறுபக்கமும் அவ்வாறே செய்து, டேப் நகர்ந்த மொத்தத் தூரத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். பவர் ஸ்டீரிங் உள்ள வண்டியானால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வகைச் சிறு கார்களுக்கு 30 மில்லிமீட்டருக்குள் இருப்பது சரி.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98-ஆம் விதி, வளையத்தில் 30 பாகைக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது என்கிறது. 800-இன் வளையத்தில் 30 பாகை என்பது ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர். ஆகவே, பதினைந்து ஆண்டு முடிந்து எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) வாங்கிய வண்டி என்பதாலேயே ஸ்டீரிங் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே விதி இன்னொன்றையும் சொல்கிறது: பால் ஜாயிண்டுகள் ரப்பர் மூடியால் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும், நட்டுகள் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். எழுதியவர்கள் காரணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள் என்பது கீழே படுத்துப் பார்த்தால் விளங்கும்.

சக்கரத்தை உயர்த்திப் பார்ப்பது

கெட்டியான சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ கொடுத்து, ஜாக்கியால் ஒரு முன்சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயர்த்துங்கள். ஸ்டெப்னியை வண்டியின் ஓரத்துக்கு அடியில் தள்ளி வையுங்கள்; ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல் அமரும். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையோ தோளோ ஒருபோதும் போகக் கூடாது. அடியில் போக வேண்டுமானால் இரும்பு ஸ்டாண்டு கட்டாயம்.

கடிகாரத்தில் ஒன்பது மணியும் மூன்று மணியும் இருக்கும் இடங்களில் டயரை இரு கைகளாலும் பிடித்து, ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் டை ராட் எண்டையோ, ரேக்கின் உள்பக்க ஜாயிண்டையோ, ரேக்கையோ சந்தேகிக்க வேண்டும். அடுத்து பன்னிரண்டு மணி, ஆறு மணி இடங்களில் பிடித்து அதேபோல் ஆட்டுங்கள். இப்போது ஆடினால் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இரண்டில் எது என்று பிரிக்க, உள்ளே ஒருவரை அமர்த்தி பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள்: ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் ஜாயிண்ட். பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றிக் காது கொடுங்கள். பேரிங் போயிருந்தால் அம்மி அரைப்பது போன்ற கரகரப்புக் கேட்கும்.

வண்டியை இறக்கியபின், தொடக்கத்தில் நான் சொன்ன அந்த விரல் சோதனையைச் செய்யுங்கள். சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீரிங்கை ஓரிரு அங்குலம் இடமும் வலமும் விரைவாக ஆட்ட, நீங்கள் டை ராட் எண்டின் கிண்ணத்தையும் அது பூட்டப்பட்டிருக்கும், சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகமான நக்கிளையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருங்கள். இரண்டும் ஒன்றாக அசைந்தால் நல்லது. ஒன்று முந்தி மற்றது பிந்தினால் உள்ளே இருக்கும் உருண்டை தேய்ந்துவிட்டது. ரப்பர் மூடியையும் பாருங்கள். என் வண்டியில் அது பிளந்து, உள்ளே தேன்நிறத்தில் இருக்க வேண்டிய கிரீஸ் கறுத்து, நிலக்கரிச் சேறு போல மணலோடு கலந்து வழிந்திருந்தது. சில ரூபாய் பெறாத ஒரு ரப்பர் கிழிந்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

டை ராட் எண்டை மாற்றுதல்

இதைக் கருவிகளோடு ஓரளவு பழக்கமுள்ளவர் தாமே செய்யலாம். பழக்கமில்லாவிட்டால் அருகில் நின்று, ஒவ்வொன்றும் முறையாக நடக்கிறதா என்று பாருங்கள். முதலில் எண்டைத் தண்டில் இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, அது இருக்கும் இடத்தைச் சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னைப் பிடுங்கி, நட்டைக் கழற்ற வேண்டும். கிண்ணத்தின் தண்டு நக்கிளில் இறுகிப் போயிருக்கும். தண்டின் மரையின் மேல் சுத்தியலால் அடிப்பவர்கள் உண்டு, அது தவறு. நக்கிளின் கண் பகுதியைப் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினாலோ, இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரைப் போட்டாலோ தண்டு தானாக விடுபடும்.

இப்போது பழைய எண்டைச் சுழற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணுங்கள்; புதியதை அதே எண்ணிக்கைச் சுற்றுகள் ஏற்றுங்கள். நட்டை இறுக்கியபின் ஸ்பிலிட் பின் துளை நேராக வராவிட்டால் சற்றுக் கூடுதலாக இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி நேராக்கக் கூடாது. ஸ்பிலிட் பின் புதியதாக இருக்க வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவதற்கு இடம் கொடுக்காதீர்கள். சுற்றுகளை எவ்வளவு சரியாக எண்ணியிருந்தாலும் இந்த வேலைக்குப் பின் அலைன்மெண்ட் அவசியம்.

பொருள் வாங்கும்போது நிறுவனத்தின் அசல் பாகத்தையோ, ஸ்டீரிங் பாகங்களைச் செய்வதில் பெயர் பெற்ற சென்னை ரானே போன்றவர்களின் பாகத்தையோ வாங்குங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கார்களின் கதவும் கண்ணாடியும் விளக்கும் குறைந்த விலைக்குக் கிடைக்கும், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், பிரேக் ஆகிய மூன்றைப் பழையதாக வாங்காதீர்கள். இவற்றின் உள்தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது.

லோயர் ஆர்ம், ஸ்ட்ரட்

800-இல் முன்பக்க ஸ்டெபிலைசர் பார்தான் லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைக்கிறது. அதன் ரப்பர் புஷ் நைந்தால், பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பின்னுக்கு நகர்ந்து வண்டி ஒரு பக்கம் வெட்டும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வரும் ‘கொட கொட’ சத்தத்துக்கும் பல நேரங்களில் இதுவே காரணம். ஸ்டீரிங் கனமாக இருந்து, வளைவுக்குப் பின் தானாகத் திரும்பவும் மறுத்தால், ஸ்ட்ரட்டின் மேல் பேரிங் காய்ந்திருக்கும். ஒருவர் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது பானட்டைத் திறந்து மவுண்டின் மேல் கை வைத்தால் உள்ளே நெருடுவது தெரியும்.

ரேக்குக்கு வரும்போது

‘ரேக் போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்று எடுத்த எடுப்பில் சொன்னால், மேலே சொன்ன சோதனைகளின் முடிவைக் கேளுங்கள். ரேக் முழுவதையும் மாற்ற ஆகும் செலவு ஒரு டை ராட் எண்டின் விலையைப் போலப் பல மடங்கு. ரேக்கின் இரு முனைகளிலும் துருத்தி போன்ற ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்து மழைநீர் உள்ளே போயிருந்தால், உறையை விலக்கிப் பல்தண்டில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். துருவின் குழிகள் விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். உறை மட்டும் கிழிந்து உள்ளே சுத்தமாக இருந்தால், புது உறையும் புது கிரீஸும் போதும்.

ரேக்கின் உடலில் ஓர் அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்குரூ இருக்கிறது. ஆட்டம் என்று சொன்னவுடன் அதை இறுக்கி அனுப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அளவுக்கு மேல் இறுக்கினால் பல்லும் பல்லும் இறுகி, ஸ்டீரிங் கனத்து, வளைவுக்குப் பின் திரும்பாமல் நின்றுவிடும். இறுக்கியபின் ஓட்டிப் பார்த்து, வளையம் தானாகத் திரும்புகிறது என்று உறுதி செய்யாமல் பட்டறையை விட்டு வராதீர்கள். மேலே, பெடல்களுக்கு அருகில், ஸ்டீரிங் தண்டின் கிராஸ் ஜாயிண்டையும் அதன் போல்டையும் ஒருமுறை கையால் பற்றிப் பாருங்கள். ஆட்டம் சில நேரம் அங்கேதான் இருக்கும்.

பவர் ஸ்டீரிங் உள்ள வண்டிகள்

ஆல்ட்டோவின் எல்.எக்ஸ்.ஐ. போன்ற வகைகளில் மின்மோட்டார் உதவியோடு இயங்கும் பவர் ஸ்டீரிங் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் எரியும் ஸ்டீரிங் விளக்கு, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாமல் ஸ்டீரிங்கும் கனத்தால், உடனே மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து, மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளக்கவும்: எஞ்சின் நின்றிருக்கையில் 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரையிலும் இருக்க வேண்டும். பிறகு ஃபியூஸையும் கனெக்டரையும் பார்க்கலாம். நின்ற இடத்திலேயே முழுவதுமாகத் திருப்பித் திருப்பி விட்டால் மோட்டார் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைக்கும். சற்று ஆறியதும் பழைய நிலைக்கு வந்தால் அது கோளாறு அல்ல.

ஆயிலில் இயங்கும் வகையானால் டப்பாவில் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் கையேடு சொல்லும் ஆயிலையே ஊற்றி, எங்கே கசிகிறது என்று தேடுங்கள். திருப்பும்போது கீச்சிட்டால் பெல்ட், முனகினால் ஆயில் குறைவு அல்லது பம்ப்.

கடைசியாக அலைன்மெண்ட்

மூட்டுகள் எல்லாம் கெட்டியான பிறகு, காற்றைச் சரியாக நிரப்பி, முதலில் பேலன்சிங், பிறகு அலைன்மெண்ட். வேலைக்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். 800 போன்ற வண்டிகளில் டோவை மட்டும்தான் திருத்த முடியும். காம்பருக்கும் காஸ்டருக்கும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) அட்ஜஸ்ட்மெண்ட் கிடையாது. தாளில் ஒரு பக்கக் காம்பர் மட்டும் எல்லை மீறியிருந்தால், அந்தப் பக்கத்தில் எதோ வளைந்திருக்கிறது; வண்டி ஒருமுறை அடிபட்டிருக்கலாம். ஹைட்ராலிக் கருவியால் வளைத்துக் காம்பரைச் ‘சரி செய்து’ தருவதாகச் சொன்னால் மறுத்துவிட்டு, வளைந்த பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றச் சொல்லுங்கள். அதுபோல, வண்டி நேராகப் போகும்போது வளையம் கோணலாக இருந்தால், இரு பக்க டை ராடுகளையும் சம அளவில் திருத்தித்தான் நேராக்க வேண்டும். வளையத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால் கண்ணுக்கு நேராகத் தெரியும்; ஆனால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும்.

வேலை முடிந்த அன்றே நெடுஞ்சாலைக்குப் போகாமல், வெறிச்சோடிய தெருவில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு நாற்பதில் பிரேக் மிதித்துப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை நிறுத்தி, வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கி, டை ராட்டின் லாக் நட் இறுக்கமாக இருக்கிறதா, ஸ்பிலிட் பின்னின் இரு கால்களும் மடங்கியபடியே இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.